திறந்து விடறதா, கூரை போடறதா, அடைக்கறதா, ஊசியா? பறவைக் காய்ச்சல் நேரத்துல எந்த வழி யாருக்கு

பக்கத்துல எங்கயாவது பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்த உடனே கோழி, வாத்து, கிளி வெச்சிருக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். இப்ப என்ன பண்றது, எல்லாத்தையும் அடைச்சுடறதா, மேல ஒரு வலை கட்டிட்டா போதுமா, ஊசி ஏதாவது போடலாமா, இல்ல பேசாம இருக்கறதை வித்துட்டு கொஞ்ச நாள் சும்மா இருக்கறதா. ஒருத்தர் அடைச்சே ஆகணும்பார், இன்னொருத்தர் அடைச்சா கோழி நொந்து போயிடும்பார், ரெண்டுலயும் உண்மை இருக்கு, அதனாலதான் குழப்பம்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் மேல வானத்தையே பாக்கறோம், ஆனா ஒழுங்கா கூரை போட்டு அடைச்ச இடத்துக்குள்ள நோய் நுழையுதுன்னா அது நம்ம செருப்போட, வாளியோட, தண்ணியோட, புதுசா வாங்கிட்டு வந்த கோழியோடதான் அதிகமா வரும். அதனால கீழ இருக்கற வழிங்கள்ல எதை எடுத்தாலும் தரைல நடக்கறதையும் சேர்த்து எடை போடணும்.

## எதை வெச்சு எடை போடறது

இந்த வைரஸ் எப்படி நடமாடுதுன்னு தெரியாம வழிங்களை ஒப்பிட்டா அது வெறும் அபிப்பிராயமாத்தான் இருக்கும். இப்ப உலகம் பூரா சுத்திட்டிருக்கற எச்5என்1 வம்சத்தை 1996ல சீனாவுல குவாங்டாங் மாகாணத்துல பண்ணைல வளர்த்த பெருவாத்துகிட்ட முதல்ல கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷமே ஹாங்காங்ல 18 பேருக்கு தொத்தி 6 பேர் இறந்து, அங்க இருந்த கோழிங்க மொத்தத்தையும் அழிக்க வேண்டியதாச்சு. 2005ல சிங்ஹாய் ஏரில வரித்தலை வாத்துங்களும் மத்த நீர்ப்பறவைங்களும் ஆயிரக்கணக்குல செத்தப்பதான் இது பண்ணையை விட்டு காட்டுப் பறவைங்களுக்குள்ள நல்லா இறங்கிடுச்சுன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. 2020க்கு அப்புறம் பரவின 2.3.4.4பி ங்கற கிளை இன்னும் மோசம், 2021 கடைசில வட அமெரிக்கா, 2022ல தென் அமெரிக்கா, 2024ல அண்டார்டிகா வரைக்கும் போயிடுச்சு, வலசை முடிஞ்சா தானா அடங்கிடும்னு இருந்த நெனப்பும் போச்சு, 2022 கோடைல ஐரோப்பாவுல கடல் பறவைங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு.

இதுல நமக்கு வேண்டிய விஷயம் ரெண்டு. ஒண்ணு, காட்டு வாத்துங்கள்ல பல பாக்க நல்லா தெம்பா இருக்கும், ஆனா எச்சத்துல வைரஸ் கொட்டிட்டே போகும். ரெண்டு, அந்த எச்சம் குளிர்ல ரொம்ப நாள் உயிர்ப்போட இருக்கும், 4 டிகிரில 35 நாளைக்கு மேல, 37 டிகிரில கூட 6 நாள் வரைக்கும் எச்5என்1 தாங்கினதா சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க. அதாவது நேத்து வந்து போன வாத்து இன்னிக்கு கண்ணுல படலைன்னா ஆபத்து போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

அதனால ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விங்களை வெச்சுப் பாக்கலாம். காட்டுப் பறவையோட எச்சம் நம்ம பறவை மேலயோ அது கொத்தற தரைலயோ விழுமா. நம்ம கால், கை, கூடை, முட்டை அட்டை வழியா வர்றதை அது தடுக்குதா. தண்ணியும் தீவனமும் பத்திரமா இருக்கா. பறவைக்கு இதனால வேற என்ன கஷ்டம் வரும். நோய் வந்துட்டா சீக்கிரம் நம்ம கண்ணுல படுமா, இல்ல உள்ளயே ஊமையா ஓடிட்டிருக்குமா. கடைசியா ஒண்ணு, என்னைக் கேட்டா இதுதான் முக்கியமான கேள்வி, ஆறு மாசம் கழிச்சு மழைலயும் உடம்பு முடியாத நாள்லயும் இதே மாதிரி நம்மளால செய்ய முடியுமா.

இன்னொண்ணு, அடைச்சே ஆகணும்னு அரசாங்கம் உத்தரவு போட்டுட்டா நம்ம விருப்பத்துக்கு அங்க இடமில்ல. கீழ சொல்றதெல்லாம் உத்தரவு வர்றதுக்கு முன்னாடியும் உத்தரவு இல்லாத இடத்துலயும் யோசிக்கறதுக்கு.

## வழி 1: திறந்தே விடறது, சுத்தத்தை மட்டும் கூட்டறது

கோழிக்கு இதைவிட சந்தோஷமான வாழ்க்கை இல்ல, மண்ணைக் கிளறும், புழு பொறுக்கும், வெயில் காயும், ஒண்ணை ஒண்ணு கொத்தறது கம்மியா இருக்கும். ஆனா எச்சத்தை வெச்சுப் பாத்தா இது நேரடியா தோத்துடுது, மேல என்ன பறந்தாலும் கீழ விழறது கோழி கொத்தற இடத்துலதான்.

இருந்தாலும் எல்லா திறந்த இடமும் ஒண்ணு கிடையாது. பக்கத்துல ஏரி, குளம், வயல், தண்ணி தேங்கற பள்ளம் எதுவும் இல்ல, நீர்ப்பறவை வந்து இறங்கின பழக்கமே இல்ல, சுத்து வட்டாரத்துல நோய் எதுவும் பதிவாகலைன்னா ஆபத்து குறைச்சல்தான். அங்கயும் மூணு வேலை கட்டாயம். தீவனத்தையும் தண்ணியையும் கூரைக்கு கீழ மட்டும் வைக்கணும், சிந்தின தானியத்தை அன்னன்னிக்கே கூட்டி எடுக்கணும் ஏன்னா குருவியையும் காக்காவையும் வாத்தையும் கூப்பிடறதே அந்த சிந்தின தானியம்தான், நிலத்துல தேங்கற தண்ணியை மண் போட்டு மூடணும் இல்லன்னா வேலி போட்டு ஒதுக்கணும். நெதர்லாந்துல திறந்த மேய்ச்சல் பண்ணைல லேசர் ஒளியைச் சுழல விட்டு காட்டு வாத்துங்க இறங்காம விரட்டிப் பாத்தாங்க, நல்லா வேலை செஞ்சுது, ஆனா அது பெரிய பண்ணைக்காரங்க சமாச்சாரம், சின்ன அளவுல வளர்க்கறவங்களுக்கு அது தேவைப்படாது.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, திடீர்னு அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தா அடைக்க இடமே இருக்காது. வருஷம் பூரா திறந்து விட்டே பழகின கோழியை ஒரே நாள்ல இருட்டுக் கொட்டகைக்குள்ள திணிச்சா அது சண்டைலயும் பயத்துலயும் தீவனத்தை விட்டுடும். அதனால திறந்து விடறவங்களும் மொத்தக் கூட்டத்தையும் தாங்கற அளவுக்கு கூரையோட ஒரு இடம் தயாரா வெச்சிருக்கணும், சும்மா இருக்கற நாள்ல சாயந்திரம் அதுக்குள்ள தீவனம் போட்டுப் பழக்கணும்.

வாத்தும் கோழியும் ஒண்ணா மேயற இடத்துக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். வாத்து தண்ணிக்குப் போய் நோயை வாங்கிட்டு வந்து பல நேரம் நல்லாவே இருக்கும், கோழிதான் கொத்துக் கொத்தா சாகும்.

## வழி 2: வலையும் கூரையும் போட்ட ஓட்டம் (கோழி உலாவற அடைப்பிடம்)

இங்கதான் நெறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. மேல வலை கட்டிட்டேன், இனிமே பயமில்லன்னு சொல்றாங்க. வலை பறவையை நிறுத்தும், எச்சத்தை நிறுத்தாது. சொல்லப்போனா வலை மேல காக்காவும் கொக்கும் வந்து உக்கார இடம் கிடைச்சு, நேரா உள்ள எச்சம் விழற மாதிரி ஆயிடும். அதனால பக்கத்துக்கு வலை, மேல தண்ணி ஒழுகாத கெட்டியான கூரை, இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்த வழிக்கு அர்த்தம். தகரமோ ஓடோ பாலிகார்பனேட் ஷீட்டோ கெட்டியான தார்பாலினோ எதுவா இருந்தாலும் சரி, சாய்வா போடணும், மழைத்தண்ணி ஓட்டத்துக்கு வெளிய தள்ளிப் போய் விழணும். கூரை மேல விழுந்த எச்சத்தை மழை கழுவி ஓட்டத்தோட ஓரத்துலயே வடிச்சு விட்டா போட்ட கூரை வீண், அந்த ஓரத்துலதான் கோழி ஈர மண்ணைப் போய் கிளறும்.

வலைக்கண் 25 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு பிரிட்டன்ல சொல்றாங்க, குருவி மாதிரி சின்னப் பறவையையும் நிறுத்தணும்னா அதைவிட சின்னக் கண்ணா பாத்துப் போடறது நல்லது. கீழ் ஓரத்துல ஒரு முழம் அளவுக்கு தகடோ பலகையோ அடிச்சா வெளிய விழுந்த எச்சம் மழைல தெறிச்சு உள்ள வராது, எலியும் கொஞ்சம் கம்மியாகும். தரைல மரத்தூள், வைக்கோல், உமி எதையாவது கெட்டியா பரப்பி ஆழ்கூளம் மாதிரி வெச்சுக்கலாம், ஆனா அந்த வைக்கோல் வயல்ல காட்டு வாத்து மேஞ்ச இடத்துல திறந்து கெடந்ததா இருக்கக் கூடாது. இதை யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க, கூரையெல்லாம் அருமையா போட்டுட்டு வாத்து எச்சம் ஒட்டின வைக்கோலை கட்டுக் கட்டா உள்ள கொண்டு போய் விரிக்கறாங்க.

பறவை நலத்துக்கு இது நல்ல நடுவழி. காத்து வரும், வெளிச்சம் வரும், கிளற இடம் இருக்கும், மழைக்காலத்துல சேறு இல்லாம இருக்கறதால கால் புண்ணும் குறையும், நோய் பயம் இல்லாத வருஷத்துலயும் பாம்பு, கீரி, பருந்துகிட்ட இருந்து காப்பாத்தும். அலங்காரப் பறவை, கிளி, பெரிய பறவைக்கூடம் வெச்சிருக்கறவங்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

மறைஞ்ச செலவுன்னா பராமரிப்பு. வலை கிழியும், ஷீட் காத்துல தூக்கும், மூலைல ஒரு ஓட்டை விழுந்தா குருவிக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் கூட ஆகாது. வாரம் ஒரு தடவை சுத்தி நடந்து கையால தடவிப் பாக்கணும். அதோட வலைக்கு வெளிய காட்டுப் பறவையும் உள்ள நம்ம கோழியும் மூக்கோட மூக்கு வெச்சு நிக்கற மாதிரி இருந்தா அந்தப் பக்கத்துக்கு மட்டும் ரெண்டாவது அடுக்கு வலை கொஞ்சம் தள்ளிப் போடறது நல்லது.

## வழி 3: முழுசா உள்ள அடைக்கறது

எச்சம்ங்கற கேள்விக்கு இதுதான் பலமான பதில். சுத்து வட்டாரத்துல நோய் உறுதியான உடனே, இல்ல செத்த காட்டுப் பறவைங்க பக்கத்துல கண்ணுல பட்ட உடனே, கொட்டகை இருக்கறவங்க தயங்காம அடைக்கணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா அடைக்கறது சும்மா கதவைச் சாத்தற வேலை இல்ல. ரெண்டு மூணு நாள்லயே கொட்டகைக்குள்ள அம்மோனியா நெடி ஏற ஆரம்பிக்கும், குனிஞ்சு கோழி நிக்கற உயரத்துல மூக்கை வெச்சு மோந்து பாருங்க, நமக்கு கண்ணு எரிஞ்சா அதுங்களுக்கு மூச்சுக்குழாயே புண்ணாயிட்டிருக்குன்னு அர்த்தம், அப்படிப் புண்ணான மூச்சுக்குழாய்ல எந்தக் கிருமியும் சுலபமா ஏறும். கூளம் ஈரமானா ரத்தக் கழிச்சல் வரும். செள்ளு பெருகும், அதுவும் ராத்திரில மட்டும் வெளிய வந்து ரத்தம் குடிக்கற சிவப்பு உண்ணி அடைச்ச கொட்டகைல பரண் இடுக்கெல்லாம் குடியேறும். இட நெருக்கடில இறகு பிடுங்கும், ஒண்ணுக்கு ரத்தம் வந்துட்டா மத்ததெல்லாம் அதையே போய் கொத்தும். வெயில் காலமா இருந்தா சூடு தாங்காம சாகறது தனி. பறவைக் காய்ச்சல்ல இருந்து காப்பாத்தறோம்னு அடைச்சுட்டு வேற காரணத்துல இழந்தா என்ன பிரயோஜனம்.

அதனால அடைக்கறவங்க கூடவே சிலது செய்யணும். ஆள் உயரத்துக்கு மேல காத்துப் போக்கு வைக்கணும், அந்த ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்கணும். கூளத்தை தினமும் கிளறி ஈரமான இடத்தை அள்ளி மாத்தணும். முட்டைக்கோஸ் ஒண்ணை கயித்துல கட்டித் தொங்க விடறது, தானியத்தை கூளத்துக்குள்ள தூவி தேட வைக்கறது, வெவ்வேற உயரத்துல பரண், காஞ்ச மண்ணும் சாம்பலும் போட்டு புரள ஒரு தொட்டி, இதெல்லாம் ஆடம்பரம் இல்ல, கொத்துச் சண்டையைத் தடுக்கறதே இதுதான். வெளிய இருந்து தழை கொண்டு வந்து போடணும்னு தோணும், குளத்தோரத்துலயும் திறந்த வயல்லயும் பறிச்சதா இருந்தா வேண்டாம்.

வாத்துக்கும் பெருவாத்துக்கும் அடைப்பு ரொம்பக் கஷ்டம், தலையை முக்கற ஆழத்துக்காவது தண்ணி இல்லன்னா கண்ணும் மூக்கும் கெட்டுப் போயிடும், அதுங்க தண்ணியைச் சிந்தற வேகத்துல கூளம் ஒரே நாள்ல சகதியாகும். தண்ணித் தொட்டியை கம்பி வலைத் தட்டு மேல வெச்சு கீழ வடிகால் விட்டா ஓரளவு சமாளிக்கலாம்.

நோய் கண்டுபிடிக்கறதைப் பொறுத்த வரைக்கும் அடைப்புக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கு, எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கறதால எத்தனை சாப்பிட்டுச்சு, எவ்வளவு தண்ணி குறைஞ்சுதுன்னு அன்னன்னிக்கே தெரிஞ்சுடும். கெட்ட பக்கம், வைரஸ் ஒரு தடவை உள்ள நுழைஞ்சுட்டா அந்த நெருக்கத்துல தீ மாதிரி ஓடும்.

## வழி 4: தடுப்பூசி

இதைப் பத்திதான் தப்பான பேச்சு அதிகம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். வெள்ளைக்கழிச்சலுக்குப் போடற சொட்டு மருந்தும் ஊசியும் பறவைக் காய்ச்சலுக்கு ஒரு பாதுகாப்பும் தராது, அது வேற வைரஸ். எச்9என்2 ன்னு வீரியம் குறைஞ்ச பறவைக் காய்ச்சல் வகைக்குப் போடற தடுப்பூசியும் எச்5என்1ஐ தடுக்காது. எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு யாராவது சொன்னா அதுல எச்5 ஊசி இருக்கான்னு கேளுங்க, அனேகமா இருக்காது, ஏன்னா பல நாடுகள்ல அதை அரசாங்க அனுமதி இல்லாம போடவே முடியாது. அனுமதி இல்லாத இடத்துல எங்கயாவது கள்ளத்தனமா கிடைக்குதுன்னு வாங்கிப் போடறது ரொம்பப் பெரிய ஆபத்து, வகை பொருந்தாத, குளிர்ல வைக்காம கெட்டுப்போன, பாதி வேலை செய்யற ஊசி போட்டா பறவை சாகாம வைரஸை மட்டும் பரப்பிட்டே இருக்கும்.

அனுமதி உள்ள இடங்கள்ல பலன் உண்டா? உண்டு. பிரான்ஸ் 2023 அக்டோபர்ல பண்ணை வாத்துங்களுக்குப் போட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முந்தின சீசன்ல நூத்துக்கணக்குல பண்ணைங்க பாதிச்சிருந்துச்சு, போட்ட அந்த சீசன்ல 10 பண்ணையோட நின்னுச்சு. சீனாவுல 2017ல எச்5, எச்7 ரெண்டுக்கும் சேர்த்து கோழிகளுக்குப் போட ஆரம்பிச்ச அப்புறம், அதுக்கு முன்னாடி ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல தொத்தியிருந்த எச்7என்9 மனுஷங்ககிட்ட கிட்டத்தட்ட காணாமயே போச்சு. இது சாதாரண விஷயம் இல்ல.

ஆனா இந்த ஊசி பறவையைச் சாகாம காப்பாத்தும், வைரஸ் வெளியேத்தற அளவை நல்லா குறைக்கும், தொத்தே வராமப் பண்ணாது. அதனால ஊசி போட்ட கூட்டத்துக்குள்ள நோய் சத்தமில்லாம ஓட வாய்ப்பிருக்கு. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஊசி போட்டதால வந்த எதிர்ப்பொருளையும் நிஜத் தொற்றால வந்த எதிர்ப்பொருளையும் பிரிச்சுக் காட்டற மாதிரி ஊசியைத் தேர்ந்தெடுக்கறாங்க, இல்லன்னா கூட்டத்துல சில பறவைங்களுக்கு மட்டும் போடாம விட்டு அதுங்களைக் கவனிக்கறாங்க, செத்ததை எல்லாம் எடுத்து சோதிக்கறாங்க. இந்தக் கண்காணிப்பு இல்லாத தடுப்பூசித் திட்டத்தை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். மெக்சிகோல எச்5என்2 வகைக்கு 1995ல இருந்து வருஷக்கணக்கா போட்டுட்டே இருந்தாங்க, வைரஸ் மெல்ல மெல்ல உருமாறி பழைய ஊசிக்குப் பொருந்தாம தள்ளிப் போயிடுச்சு.

மறைஞ்ச செலவுங்க இங்க நெறைய. எண்ணெய் கலந்து தர்ற சாதாரண ஊசின்னா ஒவ்வொரு பறவையையும் கைல பிடிச்சுப் போடணும், சில வாரம் இடைவெளில மறுபடியும் போடணும், பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். அதனால பக்கத்து பண்ணைல வந்த அப்புறம் ஊசின்னு ஓடறது காலம் கடந்த வேலை. ஆறு வாரத்துல விக்கற கறிக்கோழிக்கு ரெண்டு ஊசி போட்டு எதிர்ப்பு வர்றதுக்குள்ள அது வண்டி ஏறிடும், அதுக்கு குஞ்சு பொரிக்கற இடத்துலயே ஒரே தடவை போடற வேற வகை ஊசிதான் சரிப்படும். ஊசி போடற ஆளுங்க பண்ணை பண்ணையா போறவங்க, அவங்க பூட்ஸும் பெட்டியும் சுத்தமில்லன்னா எந்த நோய்க்கு ஊசி போட வந்தாங்களோ அதையே இறக்கி வெச்சுட்டுப் போவாங்க. வியாபாரத் தடை இன்னொண்ணு, பிரான்ஸ் போட ஆரம்பிச்சதும் அமெரிக்கா அங்க இருந்து கோழி, வாத்து இறக்குமதிக்கு கட்டுப்பாடு வெச்சுது.

அப்ப யாருக்கு இது நல்ல வழி? வாத்து அதிகமா இருக்கற பகுதில அரசாங்கமே திட்டமா நடத்தும்போது அதுல சேரலாம். அதைவிட முக்கியமா, போனா திரும்பக் கிடைக்காத அபூர்வப் பறவைங்க. 2023ல அரிசோனா பக்கம் 21 கலிஃபோர்னியா காண்டோர் கழுகுங்க இந்த நோயால செத்துச்சு, உலகத்துல மொத்தமே சில நூறுதான் இருக்கற இனம் அது, உடனே முதல்ல கருப்புப் பிணந்தின்னிக் கழுகுங்களுக்குப் போட்டு ஆபத்தில்லன்னு பாத்துட்டு காண்டோருக்கும் தடுப்பூசி போட்டாங்க. நியூசிலாந்துலயும் காகாப்போ கிளி மாதிரி அழிவு விளிம்புல இருக்கற அஞ்சு இனத்துல நோய் அங்க வர்றதுக்கு முன்னாடியே சோதிச்சுப் பாத்தாங்க. இந்த மாதிரி இடத்துல ஒவ்வொரு பறவையும் கணக்கு, நோய் வந்தா கூட்டத்தையே அழிக்கலாம்ங்கற யோசனைக்கே இடமில்ல. அதனால உயிரியல் பூங்கா, இனப்பெருக்க மையம் நடத்தறவங்க நோய் வர்றதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கற வேலையைத் தொடங்கணும், காகிதம் நகரவே மாசக்கணக்காகும்.

## வழி 5: கொஞ்ச காலம் வளர்க்காம இருக்கறது

இதையும் ஒரு வழியா எண்ணணும். ஒரு தொகுதி வளர்ந்து முடியற நேரம், பக்கத்துல நோய் நெருங்கிட்டிருக்கு, அடைக்க இடமும் இல்லன்னா, அடுத்த தொகுதி குஞ்சு எடுக்கறதைத் தள்ளிப் போட்டுட்டு கொட்டகையைக் கழுவிக் காய விடறது அறிவான முடிவு. ஆனா கூட்டத்துல ஒண்ணு ரெண்டு சோர்ந்து போச்சுன்னு தெரிஞ்சு மத்ததை அவசர அவசரமா சந்தைக்கு ஓட்டிட்டுப் போறது இந்த வழில சேராது. அது நோயை ஊர் பூரா விதைக்கற வேலை, சட்டப்படியும் குத்தம், வாங்கிட்டுப் போறவங்க வீட்டுக் குழந்தைங்க வரைக்கும் அது போய் நிக்கும்.

## ஒரே பார்வைல

| வழி | மேல விழற எச்சம் | தினசரி உழைப்பு | பெரிய மறைமுகச் செலவு | எப்ப நல்லது |
|---|---|---|---|---|
| திறந்து விடறது | தடுக்காது | குறைச்சல் | அவசரத்துக்கு அடைக்க இடம் இருக்காது | நீர்நிலை இல்லாத, நோய் பதிவாகாத இடம் |
| வலை + கெட்டிக் கூரை | நல்லா தடுக்கும் | நடுத்தரம் | கிழிசலும் ஓட்டையும் பாத்துட்டே இருக்கணும் | சின்னக் கூட்டம், அலங்காரப் பறவை, நீண்ட காலம் |
| முழு அடைப்பு | நல்லா தடுக்கும் | அதிகம் | அம்மோனியா, உண்ணி, கொத்துச் சண்டை, சூடு | பக்கத்துல நோய் உறுதியானப்ப |
| தடுப்பூசி | தடுக்காது, விளைவைக் குறைக்கும் | போடற நாள்ல அதிகம் | ஊமைப் பரவல், கண்காணிப்பு, அனுமதி | அபூர்வ இனம், அரசாங்கத் திட்டம் |
| வளர்ப்பை நிறுத்தறது | கேள்வியே இல்ல | இல்ல | வருமானம் நிக்கும் | தொகுதி முடியற நேரம் |

## எந்த வழியா இருந்தாலும் கால்ல இருந்து தொடங்கணும்

அட்டவணைல கால், கை, சாமானுக்கு தனிக் கட்டம் போடலை, ஏன்னா அஞ்சு வழில எதுவும் அதைத் தானா தடுக்காது.

கொட்டகை வாசல்ல முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையைக் குறுக்க வெச்சுடுங்க. பலகைக்கு வெளிப்பக்கம் ஊர்ல நடக்கற செருப்பு, உள்பக்கம் கொட்டகைக்கு மட்டும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். பலகை மேல உக்காந்து வெளிச்செருப்பைக் கழட்டி, வெறும் கால் வெளித்தரைல படாம அப்படியே காலைத் தூக்கி உள்ள போட்டு உள் பூட்ஸை மாட்டணும், கையை சோப்பு போட்டுக் கழுவணும், அப்புறம்தான் கதவு. டென்மார்க் பண்ணைங்கள்ல இருந்து வந்த முறை இது, வாசல்ல வைக்கற மருந்துத் தொட்டியைவிட இதை நான் ரொம்ப நம்பறேன். ஒரு பூட்ஸைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க, அந்தப் பள்ளங்கள்ல எச்சமும் மண்ணும் கெட்டியா அப்பியிருக்கும், அதை அப்படியே மருந்துத் தண்ணில ரெண்டு செகண்ட் முக்கி எடுத்தா உள்ள இருக்கற வைரஸ்கிட்ட மருந்து போய்ச் சேரவே சேராது. இந்த வைரஸுக்கு கொழுப்பு உறை உண்டு, சோப்புக்கே செத்துடும், ஆனா அழுக்கு மூடியிருந்தா ப்ளீச்சும் தோத்துடும். முதல்ல பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும், அப்புறம் மருந்து, மருந்து போட்டா லேபிள்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் ஈரமா இருக்க விடணும். தொட்டித் தண்ணி கலங்கிட்டா அன்னிக்கே மாத்தணும்.

குடிக்கத் தர்ற தண்ணி குளம், ஏரி, வாய்க்கால்ல இருந்து வந்ததா இருந்தா குளோரின் போடாம தரக் கூடாது. புது பறவை வாங்கினா ஒரு மாசம் தனியா, தனி வாளி, தனி பூட்ஸ், பழைய கூட்டத்தைப் பாத்து முடிச்ச அப்புறம்தான் புதுசைப் போய்ப் பாக்கணும். முட்டை அட்டையை அடுத்தவங்ககிட்ட இருந்து திரும்ப வாங்காதீங்க. வேற இடத்துல கோழி வெச்சிருக்கறவங்க நம்ம கொட்டகைக்குள்ள வர்றதுக்கு நாசூக்கா மறுத்துடுங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

## அப்ப நான் எதை எடுக்கச் சொல்வேன்

பத்து இருபது கோழி வெச்சிருக்கறவங்க வலையும் கெட்டிக் கூரையும் போட்ட ஓட்டத்தை ஒரு தடவை ஒழுங்கா கட்டிடுங்க, பக்கத்துல நோய்னா அதோட பக்கவாட்டை மறைச்சு முழு அடைப்பா மாத்திக்கலாம், ரெண்டு வழியும் ஒரே கட்டடத்துல கிடைச்சுடும். வாத்தும் கோழியும் சேர்த்து வெச்சிருந்தா முதல் வேலை ரெண்டையும் பிரிக்கறது, தண்ணியும் ஆள் நடமாட்டமும் உட்பட.

வீட்டுக்குள்ளயே கூண்டுல இருக்கற கிளி, லவ்பேர்ட்ஸுக்கு ஆபத்து ரொம்பக் குறைச்சல், அதுங்களைப் பாத்து பதற வேண்டாம், கோழிக் கொட்டகைக்குப் போன கையோட அதுங்களுக்குத் தீனி வைக்காம இருந்தாப் போதும். புறாவுக்கு இந்த நோய் அவ்வளவு சுலபமா ஏறாது, ஆனா வெளிய மேஞ்சுட்டு வர்றதால கால்லயும் இறகுலயும் கொண்டு வரும், அதனால கோழிக் கூரைக்கு மேல புறாக்கூடு வைக்கறதைத் தவிர்க்கணும். வல்லூறு, பருந்து மாதிரி இரைப் பறவை பராமரிக்கறவங்க கவனிக்க வேண்டியது கூரையைவிட இரைதான், காட்டு வாத்தோ, எங்க இருந்து வந்ததுன்னு தெரியாத கோழியோ புறாவோ பச்சையா போடக் கூடாது. 2004ல தாய்லாந்துல ஒரு புலிப் பூங்காவுல பச்சைக் கோழிக்கறி சாப்பிட்டே நூத்துக்கு மேல புலிங்க இந்த நோய்ல போச்சு.

எந்த வழில இருந்தாலும் இதெல்லாம் கண்ணுல பட்டா மத்த எல்லா வேலையையும் நிறுத்திடணும்: காரணம் தெரியாம ஒரே நேரத்துல பல சாவு, தீவனமும் தண்ணியும் திடீர்னு இறங்கறது, தோல் முட்டை இல்ல முட்டையே நின்னு போறது, கொண்டையும் தாடியும் நீலம் பாரிச்சு வீங்கறது, கால்ல ரத்தத் திட்டு, கழுத்து முறுக்கறது, பச்சைக் கழிச்சல். வெள்ளைக்கழிச்சலும் இதே மாதிரிதான் இருக்கும், கண்ணால பாத்துப் பிரிக்க முடியாது, லேப்தான் சொல்லணும். உடனே கால்நடை டாக்டருக்கோ கால்நடைத் துறைக்கோ போன் பண்ணுங்க, அவங்க வர்ற வரைக்கும் பறவை, முட்டை, எரு, வாளி, வண்டி எதுவும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, செத்ததை வெறும் கையால தொடாதீங்க, அறுத்துப் பாக்காதீங்க, ஆத்துலயோ குப்பைலயோ போடாதீங்க, பூனையும் நாயும் கிட்ட போகாம கட்டி வெச்சுடுங்க. பல நாடுகள்ல அரசாங்கம் உயிரோட இருந்து அழிச்ச பறவைக்குத்தான் இழப்பீடு தருது, அதுக்கு முன்னாடியே செத்ததுக்கு இல்ல, அதனால ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்லலாம்னு காத்திருக்காம அன்னிக்கே சொல்லிடுங்க.